மாமியாரின் தகரப் பெட்டி: தில்லிக் குளிருக்கு எதை எடுக்கலாம், எதை எறியலாம்?

கேள்வி: மயூர் விஹாரில் வசிக்கிறோம். கரோல் பாகில் நெடுங்காலம் குடியிருந்த என் மாமியாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய வி.பி.பி. ரசீதுகள், சென்னையிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் தபாலில் வரவழைத்த தைலப் புட்டிகள், கறுப்பு மாத்திரைகள், கைவைத்தியக் குறிப்பு நோட்டு எல்லாம் இருக்கின்றன. டிசம்பரில் மகள் எட்டு மாதக் குழந்தையோடு வருகிறாள். நோட்டில் உள்ளபடி மார்புக்குக் கற்பூர எண்ணெய், உரைத்த வசம்பு, தேனில் மாத்திரை, அறையில் அங்கீட்டி (கரியடுப்பு) என்று செய்யலாமா?

பதில்: நோட்டையும் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். புட்டிகளும் மாத்திரைகளும் குழந்தை வருவதற்கு முன் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

முதலில் அந்த ரசீதுகள். 1877-இல் இந்தியத் தபால் துறையில் வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) முறை வந்தது. விற்பவர் பொட்டலத்தை அனுப்புவார், தபால்காரர் வாசலில் விலையை வாங்கிக்கொண்டு கையில் கொடுப்பார், பணம் மணியார்டராக விற்றவருக்குப் போய்ச் சேரும். காசு கொடுக்கும்வரை பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. பஞ்சாங்கத்தின் விளம்பரப் பக்கத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும், ஊர் மருந்து தில்லிக்கு வந்துவிடும். தெரிந்த மொழியில் எழுதிய சீட்டோடு வரும் மருந்தின் மேல் ஒரு தனி நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு உரியவர்களும் இருந்தார்கள். 1893-இல் பம்பாயில் தொடங்கி 1914-இல் சென்னைக்கு இடம் மாறிய அமிர்தாஞ்சன் இன்றும் விற்கிறது. ஆனால் ஒரே புட்டி சகல நோயையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தவர்களும் ஏராளம். நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

எனவே புட்டியைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள், உரிம எண், தயாரிப்புத் தேதி இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசனையை வைத்துச் சொல்ல முடியாது. ஊட்டிப் புட்டியில் யூகலிப்டஸ் தைலம் இருக்கலாம், விண்டர்கிரீன் தைலமும் இருக்கலாம். விண்டர்கிரீன் பெரியவர்களின் மூட்டுவலிக்குத் தேய்ப்பது. அதில் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸும் உள்ளே போனால் வலிப்பு வரவழைக்கும். எட்டு மாதக் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் இருக்கிறது.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். கஸ்தூரி, கோரோசனை என்ற பெயரில் வந்த பழைய மாத்திரைகள் சிலவற்றில் லிங்கம் சேரும். அது பாதரசமும் கந்தகமும் கலந்த பொருள். கஸ்தூரி மானோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆக, மாத்திரையில் உண்மைக் கஸ்தூரி இருந்தாலும் சங்கடம், இல்லாவிட்டாலும் சங்கடம். இவற்றை எரிக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். வீட்டு அபாயக் கழிவு என்று தனியே கட்டிக் கொடுங்கள்.

நோட்டில் உள்ள கற்பூர எண்ணெயையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். இரண்டு வயதுக்குக் கீழ் கற்பூரம் கலந்த எதையும் மார்பிலோ மூக்கருகிலோ தடவக் கூடாது, கடையில் வாங்கும் மார்ச்சளிக் களிம்பும் இதில் அடக்கம். இன்று பூஜைக்கு வாங்கும் கட்டி பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கயிற்றில் கோத்துக் கையில் கட்டிப் பாட்டிமார் திருப்திப்படட்டும், மணி வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேனும் கூடாது. பாட்டுலிசம் என்னும் நச்சுநோயின் விதைநுண்மங்கள் அதில் இருக்கலாம், அவற்றைச் சமாளிக்கக் குழந்தையின் குடல் இன்னும் பழகவில்லை.

அங்கீட்டி விஷயத்தில் மட்டும் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். முற்றத்தில் புகை அடங்கும்வரை எரியவிட்டு, கனிந்த கரியை உள்ளே கொண்டுவரும் வீடுகளில் மேலே ‘ரோஷன்தான்’ என்னும் சுவர்த் துவாரம் திறந்திருக்கும், கதவிலும் இடுக்கு இருக்கும். இன்றைய அடுக்ககத்தில் கண்ணாடி ஜன்னல் இறுக மூடுகிறது. புகை இல்லாத கனலும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் அது ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், தூங்குபவருக்கு விழிப்பே வராது. எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வாங்கிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டும் பழக்கம் தொடரட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் புட்டியைச் சுடுநீரில் நிற்க வையுங்கள். அக்கம்பக்கத்தில் கடுகெண்ணெயைச் சிபாரிசு செய்வார்கள். அது பச்சைக் குழந்தையின் தோலுக்கு உறுத்தலானது. கலப்படத்துக்கும் பேர்போனது, 1998-இல் இதே தில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து உயிர்கள் போயின. சுக்குக் கஷாயம் உங்களுக்கும் மகளுக்கும் நல்லது. மூக்கடைப்புக்குக் குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு போதும், மருந்துக் கடையில் கிடைக்கும்.

தைலமோ கற்பூரமோ வாய்க்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், புட்டியும் கையோடு போகட்டும். எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண்ணை இப்போதே குறித்து வையுங்கள். வெறும் சளிதான் என்றாலும், குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.