அகசியாவின் வயது

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் எழுதுவதை நெடுநாளாக வாசித்து வருகிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். அங்கே ஒரு பையன் இரண்டு வசனங்களைக் கொண்டுவந்து காட்டினான். யூதா தேசத்தில் அகசியா ராஜாவானபோது அவனுக்கு 22 வயது என்று 2 இராஜாக்கள் 8:26 சொல்கிறது. 2 நாளாகமம் 22:2-ல் 42 வயது என்று இருக்கிறது. "எது அண்ணா சரி?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். வேதத்தைச் சந்தேகப்படுவது சத்துருவின் வேலை, ஜெபம் பண்ணு என்றார். ஜெபம் பண்ணினேன், சந்தேகம் போகவில்லை.

அப்புறம் நானே தேட ஆரம்பித்தேன், இன்னும் குழப்பம்தான். பழைய காலத்தில் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் உட்கார்ந்து எந்தப் புத்தகம் பைபிளில் இருக்கலாம் என்று முடிவு செய்தார் என்கிறது ஒரு வீடியோ. "ஒரு எழுத்துகூடத் தப்பில்லை" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு எண் தப்பு என்றால் மற்றதை எதை வைத்து நம்புவது? நீங்கள் பைபிளை தேவனுடைய வார்த்தை என்று நம்புகிறீர்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

உங்கள் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஆம், நம்புகிறேன். வேதாகமம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று முழு மனதோடு நம்புகிறேன். அந்த 42 தப்பு என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, ஏன் இல்லை என்றுதான் இந்தக் கடிதத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பையன் கண்டுபிடித்ததை அவன் காட்டியதைவிட ஒரு படி மேலே கொண்டுபோவோம். 2 நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார். அகசியாவின் அப்பா யோராம் 32 வயதில் ராஜாவாகி, 8 வருஷம் ஆண்டு, இறந்துபோகிறான். அதாவது சாகும்போது அவனுக்கு 40 வயது. அடுத்த வசனத்தில் அவனுடைய கடைசி மகனை ஜனங்கள் ராஜாவாக்குகிறார்கள், அதற்கும் அடுத்த வசனம் அந்த மகனுக்கு 42 வயது என்கிறது. கடைக்குட்டி மகன் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவன்! இது வேறொரு புத்தகத்தோடு ஒப்பிட்டால்தான் தெரிகிற சிக்கல்கூட இல்லை, ஒரே பக்கத்திலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 42 என்பது அவன் வயதைச் சொல்லவில்லை, அவன் தாய்வழி முன்னோனான உம்ரியின் வம்சம் ஆளத் தொடங்கியதிலிருந்து எண்ணியது என்று விளக்குகிறவர்கள் உண்டு. வசனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், ஆனால் அந்த வசனத்தை முதன்முறையாக வாசிக்கிற யாருக்கும் அப்படித் தோன்றாது. பழைய சீரிய மொழிபெயர்ப்பிலும் சில கிரேக்கப் பிரதிகளிலும் அதே இடத்தில் 22 என்றுதான் இருக்கிறது. எங்கோ, எப்போதோ, நகல் எடுத்த ஒருவருடைய கை தவறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. அந்த எபிரெயப் பிரதிகளை நூற்றாண்டு நூற்றாண்டாக நகல் எடுத்த யூத வேதபாரகர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா? அப்பாவுக்கு 40, மகனுக்கு 42 என்பது அவர்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும், அடுத்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது, உன் வகுப்பில் அந்தப் பையனும் கை தூக்கியிருக்க மாட்டான். அவர்கள் மாற்றவில்லை. வேறுவிதமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்த இடங்களில்கூட ஓரத்தில் குறிப்பு எழுதினார்களே தவிர, கையில் வந்து சேர்ந்ததை உள்ளே புகுந்து திருத்தவில்லை. தங்களுக்குச் சங்கடம் தருகிற எண்ணைக்கூட அப்படியே கடத்தியவர்கள் மற்ற இடங்களில் தங்கள் வசதிக்கு மாற்றியிருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உனக்கு விசுவாசத்தை அசைத்த அதே எண் எனக்கு அந்தப் பிரதிகளின் மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

"மூலப்பிரதியில் தப்பு இல்லை, நகலில்தான் தப்பு" என்ற பதிலையும் நீ கேட்டிருப்பாய். 1978-ல் சிகாகோவில் கூடிய சுவிசேஷ அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: தேவ ஏவுதல் என்பது கண்டிப்பான அர்த்தத்தில் மூலப்பிரதிக்கே உரியது என்று. அதை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நேர்மையாகத்தான் சொன்னார்கள். ஆனால் உன் கேள்விக்கு அது உதவாது, தம்பி. மூலப்பிரதி ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. ஏசாயா எழுதிய தோலும் இல்லை, பவுல் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட தாளும் இல்லை. நான் காலையில் எழுந்து திறப்பது என் கையில் இருக்கிற பைபிளை. அதை நம்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

எரேமியா 36-ஐ வாசித்துப் பார். எரேமியா சொல்ல, பாருக்கு என்பவன் எழுதுகிறான். அந்தச் சுருள் ராஜா யோயாக்கீம் முன்னால் வாசிக்கப்படுகிறது, வாசிக்கப்பட வாசிக்கப்பட அவன் அதை அறுத்து அறுத்து எதிரே எரிகிற நெருப்பில் போடுகிறான், சுருள் முழுவதும் வெந்துபோகிறது. மூலப்பிரதி சாம்பல். கர்த்தர் என்ன செய்கிறார்? இன்னொரு சுருளை எடு, மறுபடி எழுது என்கிறார். அப்படி எழுதும்போது முன்பு இல்லாத இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரமே சொல்லி முடிகிறது. தம்முடைய வார்த்தையைக் காப்பாற்றுவதற்கு முதல் தோல் சுருளைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் தேவனுக்கு இருக்கவில்லை. எரேமியா புத்தகமே பழங்காலத்திலிருந்து நமக்கு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது, கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பது எபிரெயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சின்னது. அந்தச் சின்ன வடிவத்துக்கு ஒத்த எபிரெயத் துண்டும் சவக்கடல் அருகே உள்ள கும்ரான் குகைகளில் கிடைத்திருக்கிறது, நீளமான வடிவமும் அங்கேயே கிடைத்திருக்கிறது. இரண்டையும் அந்த மக்கள் பயபக்தியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் "ஆவியினால் ஏவப்பட்டு" என்பதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன்? இங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் 1 கொரிந்தியர் முதல் அதிகாரம். கொரிந்து சபையில் ஆளாளுக்கு ஒரு கட்சி. பவுல் கோபத்தில் எழுதுகிறார்: கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவனுக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காக தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று. அடுத்த வரி எழுதுவதற்குள் ஞாபகம் வருகிறது, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அதற்குப் பிறகு, வேறு யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ தெரியாது என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். பாதி வாக்கியத்தில் தன்னையே திருத்திக்கொண்டு, ஞாபகம் இல்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிற ஒரு மனிதர்! அது இன்று வேதவாக்கியமாக நம் கையில் இருக்கிறது. பரிசுத்த ஆவியானவர் ஒவ்வொரு சொல்லையும் டிக்டேஷன் கொடுத்திருந்தால் அந்த வரிக்கு அங்கே வேலையே இல்லை. கொரிந்துவில் யார் யார் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று தேவனுக்குத் தெரியும். பவுலுக்கு ஞாபகம் இல்லை. தேவன் பவுலின் மறதியோடு சேர்த்தே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் எங்கும் இது தெரிய ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து விசாரித்து அறிந்து எழுதுகிறேன் என்று லூக்கா முதலிலேயே சொல்லிவிடுகிறார். தரிசனத்தில் கேட்டு எழுதினேன் என்று அவர் சொல்லவே இல்லை, அலைந்து விசாரித்திருக்கிறார். ரோமர் நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு கடைசி அதிகாரத்தில் நடுவே புகுந்து தன் பங்குக்கு ஒரு வாழ்த்துச் சொல்கிறான். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார் பவுல். இவர்களில் ஒருவரும் எழுதும்போது மனிதராக இருப்பதை நிறுத்திக்கொள்ளவில்லை. தேவன் தம்முடைய குமாரனையே ஒரு தாயின் வயிற்றில், பசியும் களைப்பும் உள்ள உடம்பில் அனுப்பினார் என்று விசுவாசிக்கிற நமக்கு, அவருடைய வார்த்தை மனிதக் கைகள் வழியாக மனிதக் கைகளின் அடையாளத்தோடு வருவது ஏன் அதிர்ச்சியாக இருக்க வேண்டும்?

நிசேயா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கம் கூடியது 325-ல், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையைப் பற்றியும் ஈஸ்டர் தேதியைப் பற்றியும் வேறு சில ஒழுங்குகளைப் பற்றியும் பேசி முடிவெடுத்தது. பைபிள் புத்தகங்களின் பட்டியல் அதன் தீர்மானங்களில் இல்லை. நான்கு சுவிசேஷங்கள்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று ஐரேனியு என்ற சபைத் தலைவர் அதற்கு ஏறக்குறைய 140 வருஷத்துக்கு முன்பே வாதாடிக்கொண்டிருந்தார். எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் போன்ற சில புத்தகங்களைப் பற்றிச் சபைகளுக்குள் நெடுங்காலம் பேச்சு இருந்தது உண்மை. இன்று நம்மிடம் உள்ள 27 புத்தகங்களையும் அப்படியே ஒரு பட்டியலாக அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியு எழுதியது 367-ல், கான்ஸ்டன்டைன் இறந்து 30 வருஷம் கழித்து.

பிள்ளைகளுக்கு நீ சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது, வீடியோவில் பார்ப்பதற்கு முன்னால் உன் வாயால் கேட்டுவிடட்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கைப்பிரதிகள் முழுமையாகவும் துண்டுகளாகவும் 5,000-க்கும் மேல் இருக்கின்றன, அவற்றுக்குள் வேறுபாடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறுவது, அவ்வளவுதான். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. மாற்கு 16-ன் கடைசி 12 வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளிலும் கிடையாது. விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்கிற 1 யோவான் 5:7-ஐ எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் சேர்க்கவில்லை, கிரேக்கப் பிரதிகளில் அவர் அதைக் காணவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்காக நான்காம் நூற்றாண்டில் போராடிய கிரேக்கப் பிதாக்கள் அந்த வசனம் கையில் இல்லாமலேதான் போராடினார்கள். இதையெல்லாம் மறைத்து வளர்த்த பிள்ளை 20 வயதில் வெளியாட்களிடமிருந்து இதைக் கேட்கும்போது அதற்கு அடிபடுவது மாற்கு 16 இல்லை, நம் மேல் இருந்த நம்பிக்கை.

இன்னொரு பக்கத்தையும் காட்டு. 1947-ல் கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருள் அதற்கு முன் நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. ஆயிரம் வருஷ நகலெடுப்பில் என்னவெல்லாம் ஆகியிருக்கலாம்! வேறுபாடுகள் இருக்கின்றன, எழுத்துக்கூட்டல் நிறைய மாறுகிறது, சில இடங்களில் சொற்களும். ஆனால் வாசிக்கிறவனுக்கு அது அதே ஏசாயா.

சரி, ஒழுங்காக நகல் எடுக்கப்பட்டது என்பதால் மட்டும் ஒரு புத்தகம் உண்மையாகிவிடாது. பொய்யையும் ஒழுங்காக நகல் எடுக்கலாம். ஆகவே உன் கடைசிக் கேள்விக்கு என் உண்மையான பதில் சுவடிகளில் இல்லை. பைபிளில் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டு, அதிலிருந்து இயேசு கர்த்தர் என்ற இடத்துக்கு நான் வந்து சேரவில்லை. யாருமே அப்படி வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று சொன்ன ஆட்கள் முதலில் இருந்தார்கள், அதற்காக அடிபட்டார்கள், சபைகள் உண்டாயின. அதற்குப் பிறகுதான் புதிய ஏற்பாட்டின் முதல் எழுத்தே எழுதப்பட்டது. சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய 25 வருஷத்தில் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தான் பெற்றுக்கொண்டதைத்தான் ஒப்புவிக்கிறார்: அவர் மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், கேபாவுக்குக் காணப்பட்டார், ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே வேளையில் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று. என் விசுவாசம் அந்தச் சாட்சியின் மேல் நிற்கிறது. அகசியாவின் வயதின் மேல் அது ஒருநாளும் நின்றதில்லை. அந்த இயேசு நியாயப்பிரமாணத்தையும் சங்கீதங்களையும் தீர்க்கதரிசிகளையும் தம் பிதாவின் வார்த்தையாக வாசித்தார், அதனால் நானும் அப்படி வாசிக்கிறேன். வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் தம்மிடத்தில் வர மனதில்லாதவர்களைப் பற்றி அவர் யோவான் 5-ல் சொன்னது, வேதத்தை எவ்வளவோ உயர்த்திப் பிடிக்கிற நமக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவள், இருந்தாலும் கத்தோலிக்கர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சொன்ன ஒரு விளக்கம் எனக்கு மனநிறைவு தருகிறது: நம் இரட்சிப்புக்காக தேவன் எந்தச் சத்தியத்தை வேதத்தில் வைக்கச் சித்தமானாரோ, அதை வேதம் உறுதியாகவும் பிழையில்லாமலும் போதிக்கிறது. ஒரு ராஜாவின் வயது அதில் வராது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். எண்கள் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை, 1 சாமுவேல் 15 கெடுத்திருக்கிறது. அமலேக்கியரின் பிள்ளைகளையும் குழந்தைகளையும் கொன்றுபோடு என்ற கட்டளையை "அந்தக் காலம் அப்படி" என்று தாண்டிப் போக என்னால் முடியவில்லை. பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்றவரை அறிந்த கண்ணோடுதான் அந்தப் பக்கத்தை வாசிக்கிறேன், அப்படி வாசித்தும் அது எனக்கு லேசாகவில்லை. லேசாக்கித் தருகிற விளக்கங்களை நான் நம்புவதும் இல்லை.

மூப்பர் சொன்னதைப் பற்றி: அவர் உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பவுல் சொன்னது சரிதானா என்று பெரோயா ஊரார் தினந்தோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பழைய சபையின் பெரிய போதகர் அகஸ்டின், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், வேதத்தில் உண்மைக்கு மாறாக எதையாவது கண்டால், பிரதி பிழையாக இருக்கும், அல்லது மொழிபெயர்த்தவர் தவறவிட்டிருப்பார், அல்லது எனக்குப் புரிந்திருக்காது என்று எடுத்துக்கொள்வேன் என்றார். "பிரதி பிழையாக இருக்கும்" என்பதை அவரே முதலில் வைத்தார். 1600 வருஷத்துக்கு முன்னால் அகஸ்டின் தாராளமாகச் சொன்னதை இன்று ஒரு சண்டே ஸ்கூல் வாத்தியார் சொல்லக்கூடாதா?

ஆகவே அடுத்த ஞாயிறு அந்தப் பையனைக் கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவன் கவனமாக வாசித்ததைப் பாராட்டு. யோராமின் வயதைக் கூட்டச் சொல். 42 சரியாக இருக்க முடியாது என்று அவனே கண்டுபிடிக்கட்டும், நீ மழுப்பாதே. அப்புறம் புத்தகத்தை மூடிவிடாமல் 2 நாளாகமம் 22-ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை அவர்களை வாசிக்க வை. அகசியாவின் தாய் அத்தாலியாள் ராஜ வம்சத்தையே கொன்று தீர்க்கிறாள், அகசியாவின் சகோதரி ஒரு கைக்குழந்தையை மட்டும் திருடி எடுத்துக்கொண்டுபோய் ஒளித்து வைக்கிறாள், தாவீதுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் முழுவதும் ஆறு வருஷம் ஆலயத்துக்குள் ஒளிந்திருக்கிற அந்த ஒரு பிள்ளையின் உயிரில் நிற்கிறது. அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று நிச்சயம் கேட்பார்கள். 23-ஆம் அதிகாரத்தை அதற்கு அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள். வேறு கேள்வி வந்தால் எழுது, எனக்குத் தெரிந்தவரை பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா