நம்ம கரையோட கப்பல் வியாபாரம்: கேட்டதுக்கெல்லாம் பதில்

காலேஜ்ல ஹிஸ்டரி நடத்தினவன் நான், இப்ப ரிட்டையர்டு. பழைய காலத்து உலக வியாபாரம் பத்தி புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஆளுங்க கேட்டதுக்கு வந்த வரிசையிலயே சொல்லிடறேன்.

அரியாங்குப்பம் தம்பி: சார், அரிக்கமேடு போனேன், செங்கல் சுவரும் புதரும்தான் இருக்கு. ரோம்காரன் நெஜமாவே வந்தானா?

ஆள் எத்தன பேர் வந்தான்னு சொல்ல முடியாது தம்பி, சரக்கு வந்தது நிச்சயம். 1945ல வீலர்ங்கற இங்கிலீஷ் தொல்லியல்காரர் தோண்டினப்ப ரெண்டு கைப்பிடி வெச்ச ஒயின் ஜாடி, அம்போராம்பாங்க, அதோட ஒடஞ்ச துண்டுங்களும் இத்தாலில செஞ்ச செவப்பு மண்பாண்டமும் கெடச்சுது. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி எழுதின குறிப்புல வர்ற பொதுகே துறைமுகம் இதுதான்னு பொதுவா ஒத்துக்கறாங்க. வட்டவட்டமா புள்ளிக்கோடு போட்ட தட்டையும் வெளிநாட்டு சரக்குன்னுதான் வீலர் நெனச்சார், அது இந்தியாவுலயே செஞ்சதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. இங்க கண்ணாடி மணியும் செஞ்சாங்க. இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ், அது ரோம் காசு, போகுதுன்னு ரோம் எழுத்தாளன் பிளினி பொலம்பினான், ஆனா ஆடம்பரத்த திட்டறதுக்குன்னே எழுதினவன், கணக்க அப்படியே நம்பிடாதீங்க.

காலேஜ் ஸ்டூடண்ட்: குளோபலைசேஷன் எந்த வருஷம் ஆரம்பிச்சுது சார்? எக்ஸாமுக்கு வேணும்.

எக்ஸாமுக்கு உங்க மிஸ் சொன்னத எழுதும்மா! சிலர் 1498ம்பாங்க, வாஸ்கோ ட காமா. சிலர் 1820க்கு அப்புறம்தான்ம்பாங்க, ஏன்னா அப்பதான் ஊருக்கு ஊர் வெல வித்தியாசம் கொறைய ஆரம்பிச்சுது. என் ஓட்டு 1571க்கு. ஸ்பெயின்காரன் மணிலாவுல ஊர் அமைச்ச வருஷம், அமெரிக்கா வெள்ளி மெக்சிகோலேர்ந்து நேரா ஆசியாவுக்கு வர வழி ஆச்சு. நம்ம பக்கத்து துணியும் மணிலாவுக்கு போச்சு. இங்கிலீஷ்காரன் அங்க வரக்கூடாதுன்னு ஸ்பெயின் தடை போட்டிருந்துச்சு, அவன் ஆர்மீனியன், இந்திய வியாபாரி பேர்ல கப்பல அனுப்பினான். பினாமி இன்னிக்கு நேத்து வந்ததில்ல.

லாஸ்பேட்டை அண்ணன்: வெள்ளைக்காரன் நம்மகிட்ட என்னதான் வித்தான்?

பெருசா ஒண்ணும் இல்ல, அதான் விஷயமே. அவன் கம்பளித்துணிய நம்ம வெயில்ல யார் போடறது. அதனால வெள்ளிய கொட்டித்தான் துணி வாங்கினான், பொலிவியாவுல பொட்டோசி மலையில வெட்டினது, மெக்சிகோவுல வெட்டினது, எல்லாம் ஐரோப்பா போய் அங்கேர்ந்து இங்க வந்துச்சு. ஆற்காட்டு நவாப்கிட்ட அனுமதி வாங்கி 1736லேர்ந்து புதுச்சேரியிலயே பிரெஞ்சுக்காரன் ரூபா அடிச்சான். அந்த காசு வியாபாரி கைக்கு போய், அவர் நெசவாளிக்கு முன்பணம் குடுத்து, தறியிலேர்ந்து துணி வந்து, பாத்து கழிச்சு மூட்ட கட்டி, அப்புறம் மசூலாங்கற, பலகைய கயித்தால தச்ச படகுல அலையத் தாண்டி தூரத்துல நங்கூரம் போட்ட கப்பலுக்கு ஏத்தணும், ஏன்னா அப்ப இங்க ஒழுங்கான துறைமுகமே கெடையாது, ஐப்பசி கார்த்திகையில புயல் அடிச்சா கப்பல் நிக்கவே முடியாது. வெள்ளி வர லேட்டாச்சுன்னா முன்பணமும் இல்ல, தறியும் ஓடாது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ்கிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்த்து வியாபாரமும் பாக்கற தரகரா, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து எழுதின நாட்குறிப்பு இருக்கே, அத பொரட்டிப் பாருங்க, சண்டையும் அரண்மனை வம்பும் ஒரு பக்கம், கப்பலும் சரக்கும் இன்னொரு பக்கம்.

ஐரோப்பாவுல அவங்க நெசவாளிங்க கத்தினதுல 1686லேர்ந்து 1759 வரைக்கும் அச்சுத்துணிய பிரான்ஸ் தடை பண்ணி வெச்சிருந்துச்சு, இங்கிலாந்தும் 1700லயும் 1721லயும் சட்டம் போட்டுச்சு. தடை போட்டும் பொம்பளைங்க திருட்டுத்தனமா வாங்கிக் கட்டினாங்க.

முத்தியால்பேட்டை அக்கா: எங்க தாத்தா நெசவு. புதுச்சேரி நீலத்துணி ஆப்பிரிக்காவுக்கு போச்சும்பார். அங்க யார் வாங்கினது?

தாத்தா சொன்னது சரிதான்க்கா. அவுரியில முக்கின அந்த துணிக்கு கினே துணின்னு பேரு. 19ஆம் நூற்றாண்டுல செனகல் ஆத்தங்கரையில கருவேலம் பிசின் வாங்க பிரெஞ்சுக்காரன் இதத்தான் குடுத்தான், அந்த பிசின் பிரான்ஸ்ல துணிக்கு அச்சு போடப் போச்சு. அங்க இது காசு மாதிரியே கை மாறுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கத வேறக்கா, சொல்லாம விடக்கூடாது: 18ஆம் நூற்றாண்டுல ஆப்பிரிக்காவுல மனுஷங்கள அடிமையா வாங்க ஐரோப்பியன் குடுத்த சரக்குல இந்தியத் துணிக்கு பெரிய பங்கு. நம்ம தறிக்காரனுக்கு அது எங்க போகுதுன்னே தெரிஞ்சிருக்காது.

பண்ருட்டிக்காரர்: முந்திரி நம்ம ஊர் மரம்தானே?

இல்லீங்க, பிரேசில். போர்ச்சுகீசியன் கொண்டாந்தது. மல்லாட்டையும், அதான் நிலக்கடலை, தென் அமெரிக்காதான், ஆனா அது திரும்பக் கப்பல் ஏறுச்சு, தென்னாற்காட்டுல வெளஞ்சது புதுச்சேரி வழியா பிரான்ஸ்ல மார்சேய்க்கு போய் எண்ணெய், சோப்புன்னு ஆச்சு.

தேவனாம்பட்டினம் தம்பி: பீரங்கி சுட்டு ஊர் எல்லைய அளந்தாங்கன்னு சொல்றது நெஜமா? அவ்ளோ பெரிய கோட்டைன்னா கடலூர் ஏன் சென்னை மாதிரி ஆகல?

நெஜம். 1690ல மராட்டியர்கிட்ட உங்க ஊர் செயின்ட் டேவிட் கோட்டைய இங்கிலீஷ் கம்பெனி வாங்கினப்ப, பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் நெலம் இங்கிலீஷ்காரனுக்குன்னு பேச்சு, அதான் குண்டு கிராமங்கள். சென்னைய பிரெஞ்சுக்காரன் புடிச்சதால 1746லேர்ந்து 1752 வரைக்கும் இங்கிலீஷ் கம்பெனிக்கு இந்தக் கரையில தலைமையிடமே உங்க ஊர்தான். 1758ல பிரெஞ்சு தளபதி லாலி வந்து கோட்டைய புடிச்சு இடிச்சான். 1761ல புதுச்சேரிய இங்கிலீஷ்காரன் தரைமட்டம் ஆக்கினான். தலைமை ஏற்கெனவே சென்னைக்கு திரும்பிப் போயாச்சு, அப்புறம் இங்க பணம் போட யாருக்கு மனசு வரும்?