வெப்சைட்டை நாமளே பண்றதா, டிசைனர்கிட்ட குடுக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் சின்னதா ஒரு தையல் யூனிட் நடத்துறேன், என்னையும் சேத்து மூணு பேரு. இத்தன நாளா வாட்ஸ்அப்லதான் ஆர்டர் எடுக்குறேன். இப்ப ஒரு வெப்சைட் வேணும்னு தோணுது. அக்கா பையன் "எதுக்கு சித்தி காசு செலவு பண்றீங்க, விக்ஸ்னு சைட் போட்டுக்கற சர்வீஸ்ல ரெண்டு நாள்ல நீங்களே போட்டுடலாம்"ங்கிறான். வீட்டுக்காரரு "தெரிஞ்ச வேலைய நீ பாரு, இத ஒரு நல்ல டிசைனர்கிட்ட குடுத்துடு"ங்கிறாரு. யாரு சொல்றத கேக்கறது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, ரெண்டு பேரும் உங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ரெண்டுலயும் விஷயம் இருக்கு. ஆனா நான் உங்ககிட்ட முதல்ல கேக்க நினைக்கிறது வேற. சைட் போட்டு ஆறு மாசம் ஆகுது, போன் நம்பர் மாறிடுச்சு, இல்ல புதுசா ஒரு மாடல் தைக்க ஆரம்பிச்சிருக்கீங்க, இல்ல பத்து நாள் யூனிட்டுக்கு லீவு, இத அந்த சைட்ல யாரு மாத்துவா? இதுக்கு பதில் தெரிஞ்சுட்டா மீதி தானா தெளிவாயிடும். நான் பாத்தவரைக்கும் சின்ன பிசினஸ் சைட்டுங்க டிசைன் அசிங்கமா இருக்கிறதால கெடல, போட்ட அன்னிக்கு இருந்தபடியே மூணு வருஷம் கிடக்கிறதாலதான் கெடுது. பழைய நம்பருக்கு போன் போட்டு பாத்துட்டு, கடைய மூடிட்டாங்க போலன்னு நெனச்சுட்டு போயிடறவங்க எத்தன பேருன்னு நமக்கு தெரியவே தெரியாது.

நீங்களே பண்ண முடியுமான்னா, முடியும். வேர்ட்பிரஸ்னு சைட் கட்டுற சாஃப்ட்வேர் 2003லயே வந்துடுச்சு, இன்னிக்கு உலகத்துல இருக்கிற சைட்டுல பத்துக்கு நாலுக்கு மேல அதுலதான் ஓடுது. விக்ஸ், ஷாப்பிஃபை ரெண்டும் 2006ல வந்தது. கோடிங் ஒரு வரி தெரியாதவங்களும் இதுல பக்கம் போட்டுடலாம். ஆனா அக்கா பையன் சொன்ன "ரெண்டு நாள்"ல டெம்ப்ளேட்டு எடுத்து கலர் மாத்துறது மட்டும்தான் முடியும். உங்க நேரத்த உண்மையில சாப்பிடுறது என்ன எழுதுறது, எந்த போட்டோ போடுறது, எத மொத பக்கத்துல வைக்கிறதுங்கிறதுதான். அந்த வேலை டிசைனர வச்சாலும் உங்க தலையிலதான் விழும், ஏன்னா உங்க தொழில பத்தி அவருக்கு தெரியாது. நாமளா எழுதி குடுக்கலன்னா "தரமே எங்கள் தாரக மந்திரம்"னு நாலு வரி போட்டு குடுத்துடுவாரு, அத படிச்சு யாரும் துணி தைக்க குடுக்க மாட்டாங்க.

அதனால சைட்ட பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி உங்க வாட்ஸ்அப்ப தொறங்க. போன மூணு மாசத்துல கஸ்டமருங்க என்னென்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. எத்தன நாள் ஆகும், அளவு ப்ளவுஸ் குடுத்தா போதுமா, நேர்ல வரணுமா, துணி நீங்களே வாங்கித் தருவீங்களா, பிடிக்கலன்னா ஆல்டர் பண்ணித் தருவீங்களா, அவசரத்துக்கு கிடைக்குமா. திரும்பத் திரும்ப வர்ற பத்து பன்னெண்டு கேள்விதான் உங்க வெப்சைட்டு. அதுக்கு நீங்க போன்ல எப்படி பதில் சொல்வீங்களோ அப்படியே எழுதுங்க, கூட நீங்க தச்சதோட போட்டோ பதினஞ்சு இருபது, பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் வச்சு எடுத்தது. இது கையில இருந்தா நாலஞ்சு பக்க சைட்ட அக்கா பையன் உதவியோட நீங்களே போட்டுடலாம், உங்க நெலமைல நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. விக்ஸ் மாதிரி இடத்துல செக்யூரிட்டி, அப்டேட் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க, நிம்மதி, ஆனா அங்க கட்டின சைட்ட அப்படியே தூக்கிட்டு போய் வேற ஹோஸ்டிங்ல (சைட்ட வைக்க வாடகைக்கு எடுக்கற இடம்) வைக்க முடியாது, மாறணும்னா மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும். வேர்ட்பிரஸ்ஸ சொந்தமா ஹோஸ்டிங் வாங்கி போட்டா எங்க வேணாலும் எடுத்துட்டு போகலாம், ஆனா பிளகின் (கூடுதல் வசதிக்கு சேக்கற சின்ன சாஃப்ட்வேர்) அப்டேட் பண்றது, பேக்கப் எடுக்குறது நம்ம பொறுப்பு, அத விட்டுட்டா ஹேக் ஆகும், பெரும்பாலும் பழைய பிளகின் வழியாத்தான் உள்ள வர்றாங்க. எத எடுத்தாலும் டொமைன் பேர, அதாவது உங்க சைட்டோட முகவரிய, உங்க பேர்ல, உங்க இமெயில்ல வாங்குங்க. இத அக்கா பையன் இமெயில்ல கூட வாங்காதீங்க.

டிசைனர் எப்ப வேணும்னா: ஆன்லைன்ல பேமென்ட் வாங்கி ஆர்டர ட்ராக் பண்ணணும், நாள் நேரம் பாத்து அப்பாயின்ட்மென்ட் புக் பண்ற மாதிரி வேணும், இல்ல கூகுள்ல ஏற்கனவே நல்லா வந்துட்டிருக்கிற பழைய சைட்ட புதுசா மாத்தணும். இந்த கடைசி விஷயத்துல சொந்தமா கை வைக்காதீங்க, பழைய பக்கத்தோட லிங்க் ஒவ்வொண்ணையும் புது பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய லிங்க்குக்கு வர்றவங்கள தானா புதுசுக்கு அனுப்புறது) பண்ணலன்னா வருஷக்கணக்கா கூகுள்ல சேத்த இடம் போயிடும். உங்களுக்கு இப்ப இது எதுவும் இல்ல. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, ஆர்டர் பெருகட்டும், அப்ப நிச்சயம் டிசைனர்கிட்ட போகலாம்னு.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிசைனர்கிட்ட குடுத்து எங்க சர்வீஸ் சென்டருக்கு சைட் போட்டேன். நல்லாத்தான் பண்ணாரு. இப்ப அட்ரஸ் மாத்தணும், போன் எடுக்க மாட்டேங்கிறாரு, மெசேஜ் பாக்குறாரு பதில் இல்ல. பாஸ்வேர்டு எதுவும் எங்கிட்ட இல்ல. என்ன பண்றது?
— ஒரு வாசகர்

பதில்: உங்க லெட்டர படிச்சப்ப எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா இதே எனக்கு நடந்திருக்கு. நான் சின்னதா பிரிண்டிங் தொழில் பண்ணிட்டிருந்தப்ப சைட் போட்டு குடுத்தவரு டொமைன அவரோட இமெயில்ல வாங்கியிருந்தாரு, எனக்கு அப்ப டொமைன்னா என்ன ஹோஸ்டிங்னா என்னன்னே தெரியாது, சைட் ஓடுது அவ்ளோதான். அவரு வேற வேலைக்கு போயிட்டாரு, அந்த இமெயில பாக்குறதே இல்ல, ரினிவல் மெயில் எல்லாம் அங்க போய் விழுந்திருக்கு. ஒரு நாள் காலைல பாத்தா சைட் இல்ல. விசிட்டிங் கார்டு, பில் புக்கு, போர்டு எல்லாத்துலயும் அந்த பேரு. கடைசில பேரையே மாத்தி புதுசா ஆரம்பிச்சேன். அதனாலதான் யாரு கேட்டாலும் நான் இத முதல்ல சொல்றேன்.

நீங்க இன்னிக்கே பண்ண வேண்டியது, லுக்அப் டாட் ஐகேன் டாட் ஓஆர்ஜி (lookup.icann.org) போய் உங்க டொமைன் பேர போட்டு பாருங்க. யார் பேர்ல இருக்குன்னு இப்பல்லாம் பெரும்பாலும் மறைச்சுத்தான் காட்டும், ஆனா எந்த ரெஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் விக்கிற கம்பெனி) வாங்கினது, எப்ப எக்ஸ்பைரி ஆகுதுன்னு தெரியும். அந்த தேதி எவ்ளோ பக்கத்துல இருக்கோ அவ்ளோ அவசரம். டாட் காம் மாதிரி டொமைன்னா எக்ஸ்பைரி ஆன உடனே போயிடாது, ரெஜிஸ்ட்ரார பொறுத்து கொஞ்ச நாள் சலுகை இருக்கும், அப்புறம் டெலிட் ஆனாலும் 30 நாள் கூடுதல் காசு கட்டி மீட்கலாம், அதுக்கப்புறம் 5 நாள்ல யாரு வேணாலும் வாங்கிக்கலாம்னு வந்துடும்.

அடுத்து அவருக்கு ஒரு இமெயில் எழுதுங்க, கோவமா வேணாம். "நீங்க பண்ணது நல்லா இருக்கு, இனிமே நாங்களே பாத்துக்கறோம், டொமைன எங்க அக்கவுன்ட்டுக்கு மாத்தி குடுங்க, இல்லன்னா ஆத் கோட் (டொமைன வேற கம்பெனிக்கு மாத்த வேண்டிய ரகசிய கோடு) குடுங்க, வேர்ட்பிரஸ் அட்மின் லாகின், ஹோஸ்டிங் லாகின் வேணும், இதுக்கு எவ்ளோ சார்ஜ்னு சொல்லுங்க"ன்னு. பதில் சொல்லாம இருக்கிற நெறைய பேரு ஏமாத்தணும்னு இருக்கிறவங்க இல்ல, தனி ஆளா இருபது முப்பது சைட் எடுத்துட்டு, சின்னச் சின்ன மாத்தமா இலவசமா செஞ்சு செஞ்சு சலிச்சுப் போயிருப்பாங்க. வேலைக்கு காசு தர்றேன்னு சொன்னா பாதி பேரு அன்னிக்கே போன் எடுப்பாங்க. அப்படியும் வரலன்னா, டொமைனுக்கு நீங்க காசு கட்டின பில், பேங்க் என்ட்ரி, அவரோட பழைய மெசேஜ் எல்லாத்தையும் சேத்து அந்த ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்க. கண்டிப்பா கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ரெஜிஸ்ட்ரேஷன் யார் பேர்ல இருக்கோ அவங்களத்தான் ஓனரா பாப்பாங்க.

லாகின் கைக்கு வந்ததும், வேர்ட்பிரஸ்ல யூசர்ஸ் பக்கம் போய் உங்க பேருக்கு நேரா "அட்மினிஸ்ட்ரேட்டர்"னு இருக்கான்னு பாருங்க. "எடிட்டர்"னு இருந்தா நீங்க எழுதத்தான் முடியும், சாவி உங்ககிட்ட இல்ல. அப்புறம் ஒரு ஃபுல் பேக்கப், ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டுமே, ஒண்ணு இல்லாம இன்னொண்ண வச்சு சைட்ட மறுபடி எழுப்ப முடியாது.

கேள்வி: இன்ஸ்டாகிராம் பேஜ்ல நல்லா பிசினஸ் வருது. தனியா வெப்சைட் எதுக்கு?
— ஒரு வாசகி

பதில்: வர்ற வரைக்கும் நல்லா பண்ணுங்க, அத விடச் சொல்லல. ஆனா அது அவங்க இடம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல (கூகுள்ல கடையோட பேரு, போன் எல்லாம் காட்டுற பக்கம்) இலவசமா ஒரு பக்க வெப்சைட் குடுத்தாங்க, நெறைய சின்ன கடைக்காரங்க அதத்தான் விசிட்டிங் கார்டுல போட்டு வச்சிருந்தாங்க, 2024 மார்ச்சுல அத மொத்தமா நிறுத்திட்டாங்க. கூகுளே இப்படி பண்ணும்னா மத்தவங்களும் பண்ணலாம். சொந்த டொமைன் ஒண்ணு வாங்கி அதுல ஒரே ஒரு பக்கம், என்ன பண்றீங்க, எப்படி பேசறது, இவ்ளோ போட்டா கூட போதும்.

கேள்வி: யூடியூப் பாத்து நானே வேர்ட்பிரஸ்ல சைட் போட்டேன், பர்னிச்சர் வேலை. கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கு, போன்ல தொறக்க ரொம்ப நேரம் ஆகுது. கூகுள்லயும் வரல. இனிமே டிசைனர்தான் வழியா?
— ஒரு வாசகர்

பதில்: தம்பி, மொத்தத்தையும் தூக்கி குடுத்துடாத, முக்கால்வாசி நீயே சரி பண்ணிடலாம். கம்ப்யூட்டர்ல நல்லா இருக்குங்கறது கணக்கே இல்ல, போன்ல தெரியிற சைட்டத்தான் கூகுள் பாக்குது, 2016ல அறிவிச்சு 2023 அக்டோபர்ல அந்த மாத்தத்த முழுசா முடிச்சுட்டாங்க. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு கூகுளோட இலவச டூல் இருக்கு, அதுல உன் லிங்க்க போட்டு மொபைல் ரிசல்ட்ட பாரு. பக்கத்துல பெருசா தெரியற படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வந்துடணும்னு அவங்க வச்சிருக்காங்க.

என் அனுபவத்துல இந்த மாதிரி கேஸ்ல பத்துக்கு எட்டு போட்டோதான் காரணம். போன் கேமரால எடுத்தத அப்படியே ஏத்தியிருப்ப, ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி, அகலம் 4000 பிக்சல். பாக்குறவங்க போனுக்கு அதுல கால்வாசி போதும். 1200 பிக்சலுக்கு சின்னதாக்கி வெப்பிங்கற (WebP) சைஸ் கம்மியான பட ஃபார்மட்ல மாத்தி ஏத்து, நூறு இருநூறு கேபிக்குள்ள வந்துடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் மேல அஞ்சு படம் தானா நகர்ற ஸ்லைடர் இருந்தா எடுத்துடு, யூடியூப்ல சொன்னாங்கன்னு போட்ட பிளகின்ல பயன்படுத்தாதத அழிச்சுடு. அட்ரஸ் பார்ல "நாட் செக்யூர்"னு வருதான்னு பாரு, ஹெச்டிடிபிஎஸ்ங்கற பாதுகாப்பு இல்லாத சைட்டுக்கெல்லாம் குரோம் 2018 ஜூலைலேர்ந்து அப்படித்தான் காட்டுது, அதுக்கான சர்டிஃபிகேட் லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற அமைப்புகிட்ட இலவசம், நெறைய ஹோஸ்டிங்ல ஒரு பட்டனத் தட்டினா வந்துடும்.

கூகுள்ல வரலன்னா வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங் பக்கம் போ, "சர்ச் எஞ்சினுக்கு காட்டாதே"ங்கற டிக் போட்டே இருக்கும் பாரு, சைட் ரெடி பண்றப்ப போட்டுட்டு எடுக்க மறந்தவங்க ஏராளம். அதுக்கப்புறம் சர்ச் கன்சோல்ங்கற கூகுளோட இலவச டூல்ல சைட்ட சேத்து சைட்மேப் (உன் பக்கங்களோட லிஸ்ட்) குடு. இவ்ளோவும் பண்ணி வேகம் வரலன்னா ஒரு டெவலப்பர்கிட்ட சில மணி நேர வேலையா மட்டும் குடு, பிரச்சினைய கண்டுபிடிச்சு சரி பண்ணி எழுதிக் குடுங்கன்னு.

கேள்வி: நான் வெப் டிசைனர், தனியா ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. "நாங்களே போட்டுக்கறோம், உங்கள எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.
— ஒரு வாசகர்

பதில்: அவங்களே போட்டுக்க முடியும்னா போட்டுக்க சொல்லிடுங்க, மனசார சொல்லுங்க. அப்படி சொன்ன டிசைனர அவங்க மறக்க மாட்டாங்க, நாளைக்கு பேமென்ட், புக்கிங்னு பெருசா வர்றப்ப உங்களத்தான் தேடுவாங்க. உங்க வேலை டெம்ப்ளேட்டுக்கு கலர் அடிக்கிறது இல்ல. அந்த கடைக்கு வர்றவங்க எத தேடி வர்றாங்கன்னு உக்காந்து கேட்டு, தேவையில்லாத பக்கத்த வேணாம்னு சொல்லி, வயசானவங்க கண்ணுக்கும் எழுத்து தெரியணும்னு பாத்து, எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கான்னு அளந்து பாக்குறது, இத சொந்தமா சைட் போடுறவங்க யாரும் ஆரம்பத்துல பண்றதில்ல. இதுக்குத்தான் காசு வாங்கறீங்க.

ஆனா மேல ரெண்டாவது கேள்விய நீங்களும் படிச்சிருப்பீங்க. தயவு செஞ்சு அந்த நெலமைக்கு ஒரு கஸ்டமரையும் விடாதீங்க. டொமைன அவங்க அக்கவுன்ட்ல அவங்கள வச்சே வாங்க வைங்க. எத்தன திருத்தம் வரைக்கும் உங்க சார்ஜுக்குள்ள, அதுக்கு மேல எப்படி, மாசா மாசம் மெயின்டனன்ஸ்னா என்னென்ன, டிசைன் உரிமை யாருக்குன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. பல நாட்டு சட்டத்துல எழுதி குடுக்காத வரைக்கும் வெளியாள் செஞ்ச டிசைனுக்கு உரிமை செஞ்சவருக்குத்தான், கஸ்டமருக்கு அது தெரியாது, பின்னாடி சண்டையாகும்.

முடிச்சு குடுக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து, போன் நம்பர் மாத்தறது, போட்டோ ஏத்தறது, ஒரு அறிவிப்பு போடறது, இந்த மூணையும் அவங்க கையாலயே செய்ய வைங்க. நீங்க செஞ்சு காட்டினா மறந்துடுவாங்க. அப்புறம் டொமைன் எங்க வாங்கினது, எப்ப ரினிவல், ஹோஸ்டிங் எது, அட்மின் இமெயில் எது, பேக்கப் எங்க இருக்குன்னு ஒரே பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கையில குடுங்க, பாஸ்வேர்ட மட்டும் அதுல எழுதாம அவங்களையே புதுசா வைக்கச் சொல்லுங்க. அந்த பேப்பரோட கடைசி வரியில உங்க போன் நம்பரையும் போட்டுடுங்க.