கொள்ளுத்தாத்தாவை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

கேள்வி: பழைய தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் விவசாயம் செய்த என் கொள்ளுத்தாத்தா, பிதுரார்ஜித (முன்னோர் வழி வந்த) நிலத்தை அடமானம் வைத்து 1923-இல் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று மட்டுமே எங்களிடம் உள்ளது. அவருடைய வாழ்க்கையை அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பெயரை மட்டும் நம்பித் தேடினால் வழிதவறிவிடுவீர்கள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயரும், பல குடும்பங்களில் அதே முன்னெழுத்துமே திரும்ப வரும். ஆகவே பத்திரத்திலுள்ள சர்வே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை, நிதானமாகப் படியுங்கள். பிதுரார்ஜித நிலம் என்பதால், 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு' என்று வரும் பெயர்களில் சில, பாகம் பிரிந்துபோன பங்காளிகளுடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாரும் சொல்லாத சகோதரர்கள் இப்படித்தான் பல நேரங்களில் வெளிப்படுகிறார்கள். அடியில் இருப்பது கையெழுத்தா, கைநாட்டா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, அந்தச் சர்வே எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். மறு அளவையிலும் உட்பிரிவிலும் எண்கள் மாறியிருக்கலாம். பின்னர் சார்பதிவாளர் அலுவலகத்தில், இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குக் கைமுறை வில்லங்கத்துக்கு (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலுக்கு) மனுச் செய்யுங்கள். 1923-இல் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்று விசாரிக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். வில்லங்கத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் தென்பட்டால் நகல் வாங்கிவிடுங்கள். அதில் ஒரு மகன் 'மைனர், கார்டியன் தாயார்' என்று எழுதப்பட்டிருந்தால், தந்தை அதற்குள் காலமாகியிருக்கலாம் என்பதோடு அந்த மகனின் வயதுக்கும் ஒரு வரம்பு கிடைத்துவிடும்.

பிறப்புப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவதால், தந்தை பெயரோடு 'ஆண் குழந்தை' என்று மட்டுமே இருக்கக்கூடும். இறப்பைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது, ஏனெனில் வீட்டில் திவசம் கொடுத்துவந்தால் மாதமும் திதியும் யாருக்காவது நினைவிருக்கும். ஆண்டைத் தமிழ்ப் பெயரால் சொன்னால் மட்டும் எச்சரிக்கை தேவை: பிலவ வருஷம் என்பது 1901-02 ஆகவும் இருக்கலாம், 1961-62 ஆகவும் இருக்கலாம்.

அவர் என்ன பயிரிட்டார் என்பதற்குக் கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலைத் தேட வேண்டும். அதிலுள்ள பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) எண்ணோடு 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் பிறக்கிறது. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம். அங்கே செல்லும்போது கிராமத்தின் பழைய தாலுகா பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்கள் அன்று தஞ்சையிலேயே அடங்கியிருந்தன.