பலகையைக் கண்டால் தடுமாற்றம்

கேள்வி: கொழும்பு காலி வீதியில் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஆனாலும் நாலைந்து இடப்பெயர் உள்ள பெரிய பலகையைக் கண்டால் தடுமாறி, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன். வயதாகிவிட்டதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள், அக்கா. போன மாதம் மருதானைக்குப் புறப்பட்ட நான் பொரளையில் போய் நின்றேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் அடித்த ஹோன் இன்னும் காதில் நிற்கிறது.

மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறோம். பலகையில் இரண்டு வினாடி கண் வைத்தால் 28 மீற்றர், முன்னால் உள்ள மஞ்சள் கடவையைப் பார்க்காமலே. படித்த பெயர்களைப் பிடித்துவைக்கும் தற்காலிக நினைவோ மிகச் சிறியது, ஒரே நேரத்தில் நாலு விஷயம் தாங்கினாலே பெரிது. மூளை அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையில், மனச்சுமை கூடும்போது நெற்றிப்பக்கத்துத் தீட்டா எனும் மெதுவான அலைகள் கூடுவதும் அல்பா எனும் சற்று வேகமான அலைகள் குறைவதும் தெரியும். அந்தச் சுமை ஏறினால் பிரேக் மிதிக்கும் கால் பிந்தும்.

நம் பலகைகளில் ஒவ்வொரு பெயரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று தடவை. மூன்றும் வேண்டும், அதில் பேச்சில்லை. பக்கத்திலேயே ரியூஷன் போஸ்டரும் சேலைக்கடை விளம்பரமும் எதற்கு?

சரி, புறப்படும் முன் போகும் இடத்தின் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் அதை மட்டும் தேடும். தவறவிட்டால் நடுவீதியில் நிறுத்தாமல் அடுத்த சந்தியில் திரும்பி வாருங்கள்.