வீடியோவில் இல்லாத இன்ஸ்பெக்டர்

வணக்கம் சார்,

ரவுடி கோஷ்டிக் கொலைகளை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரை வைத்து நாவல் எழுதுகிறேன். இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். ஒன்று வழக்கு, ஒன்று வீடு. மகளுக்கு வீசிங், மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறார். வீட்டுப் பகுதி ஒட்டவில்லை என்கிறார்கள் நண்பர்கள். அவருக்குக் குடிப்பழக்கம் வைக்கலாமா? கடைசியில் என்கவுன்ட்டர்?

ம.

அன்புள்ள ம.,

குடியும் வேண்டாம், என்கவுன்ட்டரும் வேண்டாம். மகள் நெபுலைசர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பேச முடியாமல், அப்பாவின் போனை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாளே, அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றபடி, மனைவி அழுகிறார், கத்துகிறார், பெட்டி கட்டுகிறார். வேறெதுவும் தெரியாதா அவருக்கு? அதைவிடக் கொடுமை, அத்தனை பக்கங்களில் உங்கள் இன்ஸ்பெக்டர் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போடவில்லை!

கொலை நடந்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். எந்நேரமானாலும் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால், "உட்கார்ந்து யோசித்துப் பெயர்களைச் சேர்த்தீர்கள்" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம். ரத்தம் படிந்த மண் ஒரு பொட்டலம், படியாத மண் ஒரு பொட்டலம். ஈரச் சட்டையை நிழலில் உலர்த்திக் காகிதத்தில்தான் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். விடிந்தால் பிரேத விசாரணை, மார்ச்சுவரி. உறவினர்கள் உடலை வாங்க மறுத்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். அதற்குள் மூன்று பேர் வேறு மாவட்டக் கோர்ட்டில் சரண்டர். அதில் யார் உண்மைக் குற்றவாளிக்குப் பதிலாக வந்த டம்மி என்று பிரித்தெடுக்க வேண்டும். ரிமாண்டு ஆன நாளையும் சேர்த்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால், ஜாமீன் அவன் உரிமை. ஆளாளுக்குத் தனிக் கணக்கு.

இதெல்லாம் உங்களுக்குப் பின்னணி. எனக்கு இதுதான் கதை. ஏன் என்று சொல்கிறேன்.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. அதை வைத்து அரிவாளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே கைப்பற்றுதல் மகஜர்தான் வழக்கின் முதுகெலும்பு. கஸ்டடியில் எடுத்தவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகும் நாளில் மகளுக்கு மூச்சுத் திணறல் வரட்டும். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார், எஸ்.ஐ. ஏரிக்குப் போகிறார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வழக்கம்போல "நான் கைப்பற்றினேன்" என்று இன்ஸ்பெக்டர் பெயரிலேயே எழுதி வைக்கிறார். இரவு வந்து கையெழுத்துப் போடுகிறார் இவர்.

முன்பானால் இது ஓடியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதுவதையும், சாட்சிகள் கையெழுத்துப் போடுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். படத்தில் வி.ஏ.ஓ. இருக்கிறார், அவருடைய உதவியாளர் இருக்கிறார், குனிந்து அரிவாளைக் காட்டுகிறவன் இருக்கிறான். "ஐயா, இதில் நீங்கள் எங்கே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன சொல்வார்?

அரிவாளைக் கைப்பற்ற இன்ஸ்பெக்டரேதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எஸ்.ஐ. தன் பெயரில் மகஜர் எழுதி, தானே கூண்டேறி சாட்சி சொன்னால் போதும். தான் எங்கே போனோம் என்று வழக்கு நாட்குறிப்பில் இன்ஸ்பெக்டர் இரண்டு வரி எழுதினால் போதும். பத்து நிமிட வேலை. அதை ஏன் செய்யவில்லை? மகளுக்கு வீசிங் என்பதையே அவர் மேலதிகாரியிடம் இதுவரை சொன்னதில்லை, அதனால். நீங்கள் தேடும் குடும்பப் பிரச்சினை இதுதானய்யா, பெட்டி கட்டுவதில் இல்லை.

எனவே அத்தியாயத்தை மாற்றி மாற்றி அடுக்காதீர்கள். அந்த மகஜரிலிருந்து தொடங்குங்கள். அன்று பிற்பகல் அவர் மகளின் கட்டிலருகே இருந்தார் என்று சொல்லக்கூடியவர் மனைவிதான். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர் பிறந்த வீட்டில் இருக்கிறார். யார் போய்க் கூப்பிடுகிறார்கள், இன்ஸ்பெக்டரா, எதிர்த்தரப்பு வக்கீலா? அதை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.