செகண்ட் கசினா, தங்கச்சி முறையா? குடும்ப மரம் பற்றி வந்த கேள்விகள்

1809-ல் கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்தே வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஆட்கள் பெங்களூருக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இங்கே நாலு தலைமுறை, ஐந்து தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்களுக்கு இன்றைக்கு ஊரோடு போக்குவரத்து இல்லை, யார் யாருக்கு என்ன முறை என்று மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜெனி, ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ மாதிரித் தளங்களில் மரம் போட்டுப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இந்தத் தடவை வந்தவற்றில் ஏழு.

ஜீவன்பீமா நகரிலிருந்து: பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். இரண்டு வீட்டு மரத்தையும் ஒரே தளத்தில் ஏற்றிப் பார்த்தால் "செகண்ட் கசின்" என்று வருகிறது. என் மாமியாரோ அண்ணன் தங்கச்சி முறை, வேண்டவே வேண்டாம் என்கிறார். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். தளம் தூரத்தை மட்டும் எண்ணுகிறது. இருவருக்கும் பொதுவாக இருக்கும் ஜோடி தாத்தா பாட்டி என்றால் ஃபர்ஸ்ட் கசின், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி என்றால் செகண்ட் கசின், ஒருவர் ஒரு தலைமுறை கீழே இருந்தால் அதோடு "ஒன்ஸ் ரிமூவ்ட்" சேரும். நடுவில் வருகிறவர் ஆணா பெண்ணா என்பது அந்தக் கணக்கில் வராது. நமக்கு முறை என்பதே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மரத்தையே எடுத்துக்கொள்வோம். பையனின் அம்மாவைப் பெற்ற பாட்டியும் பெண்ணின் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் கூடப்பிறந்த அக்கா தம்பி. அப்படியானால் பையனின் அம்மா அக்கா மகள், பெண்ணின் அப்பா தம்பி மகன், அதாவது அத்தை மகளும் மாமன் மகனும், கட்டிக்கொள்கிற முறை. அம்மாவுக்குக் கட்டிக்கொள்கிற முறையில் இருக்கும் ஆண் பிள்ளைக்கு அப்பா முறை, சித்தப்பா என்றோ பெரியப்பா என்றோதான் கூப்பிடுவான். சித்தப்பா மகள் தங்கச்சி. உங்கள் மாமியார் இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரே ஒரு ஆளை மாற்றிப் பாருங்கள். மேலே இருந்தவர்கள் அக்கா தம்பியாக இல்லாமல் அக்கா தங்கையாக இருந்து, பெண்ணின் அப்பா அந்தத் தங்கையின் மகன் என்று வையுங்கள். இப்போது பையனின் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் பெரியம்மா மகள், சித்தி மகன், கூடப்பிறந்த முறை. பெண்ணின் அப்பா பையனுக்குத் தாய்மாமன் முறை ஆகிவிடுவார், பெண் முறைப்பெண். தளம் அப்போதும் அதே செகண்ட் கசின் என்றுதான் சொல்லும், டி.என்.ஏ. பங்கும் இரண்டு இடத்திலும் சராசரியாக அதே 3 சதவீதச் சொச்சம்தான். அதனால் தளம் காட்டும் பெயரை விட்டுவிடுங்கள், அது காட்டும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் உடன்பிறந்த இருவரில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். கூடப்பிறந்த முறையில் இருக்கும் இருவர் இரண்டு பேரும் ஆண், அல்லது இரண்டு பேரும் பெண் என்றால் அவர்கள் பிள்ளைகளும் கூடப்பிறந்த முறை. ஒருவர் ஆண் ஒருவர் பெண் என்றால் பிள்ளைகள் கட்டுகிற முறை. கட்டுகிற முறையில் இருப்பவர்களுக்கு அப்படியே தலைகீழ்: மச்சான் மச்சான் பிள்ளைகள் கட்டுகிற முறை, ஆணும் பெண்ணுமாக இருந்தால் அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. இந்த நாலு வரி தெரிந்தால் எட்டு தலைமுறையானாலும் முறை சொல்லிவிடலாம். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871-லேயே தமிழ் உறவுச் சொற்களை எடுத்து அங்கே உள்ள செனகா என்ற பூர்வகுடி மக்களின் சொற்களோடு ஒப்பிட்டு எழுதினார். அத்தனை ஒழுங்கான அமைப்பு நம்முடையது, அதை ஒரு மென்பொருளில் தொலைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

இரண்டு எச்சரிக்கை. குறுக்கே இன்னொரு கல்யாணம் நடந்திருந்தால் இரண்டு பாதை கிடைக்கும், இரண்டும் வேறு வேறு முறை சொல்லும். எதைப் பிடிப்பது என்று குடும்பம்தான் முடிவு செய்யும். சட்டக் கணக்கு மூன்றாவது ரகம்: 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அப்பா வழியில் ஐந்து தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை என்று பார்க்கிறது, உங்களையே ஒன்று என்று வைத்து மேலே எண்ண வேண்டும், சமூக வழக்கம் அனுமதித்தால் அதற்கு விலக்கும் உண்டு.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: ஒரு பெரிய தலைவர் எனக்கு 19 படி தள்ளி உறவு என்று காட்டுகிறது. உண்மையா?

பாதையில் எத்தனை இடத்தில் "கணவர்", "மனைவி" வருகிறது என்று பாருங்கள். ஓர் இடத்தில் வந்தாலே அது ரத்த வழி இல்லை, கல்யாண வழி. விக்கிட்ரீயில் இரண்டுக்கும் தனித்தனிக் கருவியே இருக்கிறது: பொது முன்னோரைத் தேடுவது ஒன்று, எப்படியாவது ஒரு சங்கிலி கிடைக்குமா என்று தேடுவது இன்னொன்று. சம்பந்தி வீடும் நமக்கு உறவுதான், ஆனால் சம்பந்தியின் சகலையின் ஓரகத்தியின் தம்பி என்று போனால் ஊரில் எல்லாருமே உறவுதான்.

கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) ஆண்டர்சன்பேட்டையிலிருந்து: என் தாத்தாவின் அப்பா சுரங்க வேலைக்குக் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். ஊரில் பங்காளிகள் இருக்கிறார்களாம். அல்சூரில் ஒருவர், தானும் அதே வகையறா என்கிறார். தளத்தில் தேடினால் ஒன்றுமே வரவில்லை.

வராது. ஃபேமிலிசர்ச்சில் இந்தியாவுக்கென்று இருக்கும் பிறப்பு, திருமண, அடக்கத் தொகுப்புகளில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பதிவுகள்தான். ஹரித்வார் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்களின் வம்சாவளி ஏடுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அது பெரும்பாலும் வடக்கத்திக் குடும்பங்களுக்குத்தான் உதவும். நம் ஆட்களுக்கு மரம் தளத்தில் தொடங்குவதில்லை, பரணில் தொடங்குகிறது.

முதலில் மொய் நோட்டு. பழைய கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதன் நோட்டாக இருந்தாலும் சரி, ஊர்ப் பெயர், ஆள் பெயர், அப்பா பெயர் வரிசையாக இருக்கும், தாய்மாமன் சீர் தனியாக எழுதியிருக்கும். ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் மொத்த உறவு வட்டமும் கையெழுத்தில் கிடைக்கும் இடம் வேறு எது இருக்கிறது? அடுத்தது கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும், இவற்றில் யாரை எந்த முறையில் போட்டிருக்கிறார்கள் என்பதே ஆதாரம். பழைய கிரயப் பத்திரம் கிடைத்தால் "இன்ன கிராமம் இன்னார் குமாரர் இன்னார்" என்று இருக்கும், ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு.

எல்லாவற்றையும்விட முக்கியம் குலதெய்வம். பங்காளிகள் என்றால் ஒரே குலதெய்வம். அல்சூர்க்காரரிடம் வேறு எதையும் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள், கோயில் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலே பங்காளி என்று ஆகிவிடாது, ஆனால் வேறு கோயில் என்றால் பெரும்பாலும் மாமன் மச்சான் பக்கமாகத்தான் இருப்பார். அப்புறம் அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அந்த நோட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர், "கோலார் போய்விட்டார்" என்ற குறிப்போடுகூட இருக்கலாம். சுரங்கத்தில் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது 1880-ல், சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரியில். இந்த நூற்றிச் சொச்சம் வருடத்தில் எந்தப் பத்தாண்டில் அவர் வந்தார் என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறையும். ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், ஊரிகம் என்று எந்த லைன் வீட்டில் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள், ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்திருப்பார்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: என் அப்பா என் அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். தளத்தில் அப்பாவின் அம்மாவை எங்கே போடுவது? பாட்டியா, கொள்ளுப்பாட்டியா?

இரண்டுமே. அப்பா வழியில் பாட்டி, அம்மா வழியில் அம்மாவைப் பெற்றவரின் அம்மா, அதனால் கொள்ளுப்பாட்டி. அவருக்கு ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், இரண்டு கோடுகள் அங்கே வந்து சேரட்டும். படம் அழகாக வரவில்லை என்று இரண்டு ஆளாகப் பிரித்துப் போட்டீர்கள் என்றால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும். பல தளங்கள் குட்டையான பாதையை மட்டும் காட்டும். எல்லாப் பாதையும் வேண்டுமென்றால் மரத்தை ஜெட்காம் (குடும்ப மரங்களுக்கான பொதுக் கோப்பு வகை) கோப்பாக இறக்கி, கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள், அதில் உறவுக் கணிப்பான் இருக்கிறது.

சிவாஜிநகரிலிருந்து: யாரோ ஒருவர் என் கொள்ளுத்தாத்தா முருகேசனையும் என் அப்பா முருகேசனையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டார்!

நம் ஊர்ப் பழக்கம் தெரியாத தளம் அப்படித்தான் ஆலோசனை சொல்லும், அதைப் பார்த்து ஒருவர் அமுக்கிவிட்டிருப்பார். தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தான் பெயரன், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும், குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குப் பள்ளிச் சான்றிதழில் முருகேஷ் ஆகியிருப்பார். ஃபேமிலிசர்ச் என்றால் மாற்றங்களின் பட்டியலில் போய் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஜெனி என்றால் மரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கும் க்யூரேட்டர் ஒருவருக்கு எழுதுங்கள். இனிமேல் ஒவ்வொரு முருகேசனுக்கும் மனைவி பெயர், ஊர், தோராயமான பிறந்த வருடம், பட்டப்பெயர் நாலும் போடுங்கள், பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். கோணவாய்க்கால் முருகேசனை யாரும் மற்றவரோடு சேர்க்க மாட்டார்கள்.

இந்திரா நகரிலிருந்து: டர்பனிலிருந்து ஒருவர் டி.என்.ஏ. பொருத்தத்தில் "மூன்றாவது கசின்" என்று வந்திருக்கிறார். தமிழ் பேசத் தெரியாது, ஆனால் வட ஆற்காடு என்று சொல்கிறார்.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்துப் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். அந்த எண்ணை உங்கள் உறவினரிடம் கேளுங்கள், குடும்பத்தின் பழைய சான்றிதழ்களில் இருக்கும். எண் கிடைத்தால் கிராமம் கிடைக்கும், எழுத்து மட்டும் வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும், வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அப்புறம் அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூரை விடப் பெரியது. சித்தூர் 1911-ல்தான் தனி மாவட்டம் ஆனது, அதனால் அந்த ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம்.

மூன்றாவது கசின் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிய சமூகங்களில் ஒரே இரண்டு பேருக்குள் நாலைந்து பாதை இருக்கும், எல்லாம் சேர்ந்து உறவை நெருக்கமாகக் காட்டிவிடும். உண்மையில் ஐந்தாவது ஆறாவது தலைமுறையில் சேரலாம். எழுத்துப் பதிவு கையில் வரும்வரை மரத்தில் கோடு இழுக்காதீர்கள், ஆனால் அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஹலசூரு ஏரி பக்கத்திலிருந்து: சித்தியின் பிறந்த தேதியைத் தளத்தில் போட்டதற்குச் சண்டை. உயிரோடு இருப்பவர்களை மறைத்தால் உறவு எப்படிக் காட்டும்?

சித்தி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, பிறந்த தேதியும் அம்மாவின் ஊரும் வங்கிக் கணக்குக் கேள்விகளுக்குப் பதில். பெரிய தளங்கள் உயிரோடு இருப்பவர்களைப் பொதுவில் காட்டுவதில்லை, அதற்காகத் தேடல் நின்றுவிடாது. ஃபேமிலிசர்ச்சில் நீங்களும் உங்கள் சித்தி மகனும் ஆளுக்கொரு மரம் போட்டாலும், இறந்துபோன தாத்தா பாட்டி பக்கம் ஒன்றாகவே இருந்தால் அங்கே இரண்டும் சேர்ந்து உறவு வந்துவிடும். அவரும் நீங்களும் தாத்தாவைத் தனித்தனியாக உருவாக்கியிருந்தால்தான் ஒன்றும் வராது, போய் முதலில் அதைப் பாருங்கள். சித்திக்கு வருடம்கூட வேண்டாம், பெயர் மட்டும் இருக்கட்டும், தேதியை எடுத்துவிட்டதாக நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், போகும்போது அவர் அம்மாவின் பக்கத்து உறவுகளையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.